உடன் பயின்றார் உரைக்கும் பாயிரம்

எங்கள் எழுத்து வட்டத்தில் இந்த ஆண்டு தை பிறந்து ஆனி முடிவதற்குள் நான்கு பேருடைய எழுத்து அச்சேறியிருக்கிறது. கும்பகோணத்தில் பதினான்கு ஆண்டுகளாக, மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலையில் கூடுகிற ஒன்பது பேர் நாங்கள். வட்டத்துக்குப் பெயர் கிடையாது, தலைவர் கிடையாது, சந்தா கிடையாது. பாத்திரக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் மாடியறைதான் எங்கள் மன்றம். கீழே எவர்சில்வர் அடுக்குகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை ஓயாது. மேலே ஒருவர் வாசிப்பார், எண்மர் கேட்பர். ஓராண்டில் ஒருவருடைய எழுத்து இந்த அறையை விட்டு வெளியே போய் அச்சில் திரும்பி வந்தாலே எங்களுக்குப் பெரிது. அப்படியிருக்க, இவ்வாண்டு நான்கு.

நால்வரையும் அறிமுகம் செய்துவிடுகிறேன். பெயர்களைச் சொல்லாமல் விடுவது அவர்கள் கேட்டுக்கொண்டதன் பொருட்டு.

முதலாமவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அரசலாற்றங்கரைக் கிராமங்களில் முப்பத்தோராண்டு கடிதமும் மணியார்டரும் சுமந்தவர். அவருடைய முதல் நாவல், 312 பக்கம், சென்னைப் பதிப்பகம் ஒன்றின் வெளியீடாக ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு வந்தது. இரண்டாமவர் வங்கி அலுவலரான பெண்மணி. பாலக்காட்டில் பணியாற்றிய ஆறு ஆண்டுகளில் மலையாளம் கற்றுக்கொண்டு, ஏழு சிறுகதைகளைத் தமிழாக்கி நூலாகக் கொணர்ந்திருக்கிறார். மூன்றாமவர் இருபத்தாறு வயது இளைஞர், நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறை ஒன்றில் தந்தையோடு வேலை செய்கிறவர். அவருடைய சிறுகதை நாங்கள் யாவரும் மதிக்கிற சிற்றிதழ் ஒன்றில் வெளியாயிற்று. “அச்சுல வந்துடுச்சுப்பா” என்று அவர் வீட்டில் போய்ச் சொன்னபோது, “எந்த அச்சுல?” என்று கேட்டாராம் தந்தை. காவிரி வண்டலில் அச்செடுத்து, உலோகத்தைக் காய்ச்சி ஊற்றுகிறவருக்கு அச்சு என்றால் அதுதானே. நான்காமவர் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. ஐம்பத்திரண்டாம் வயதில் அவருடைய முதல் கவிதைத் தொகுதி வந்திருக்கிறது. 54 கவிதைகள்.

கொண்டாட வேண்டும் என்பதில் எவருக்கும் மாறுபாடில்லை. எப்படி என்பதில்தான் பேச்சு நீண்டது. மண்டபம் பிடித்து, பொன்னாடை வாங்கி, வெளியூரிலிருந்து பேச்சாளர் ஒருவரை அழைக்கலாம் என்றார் பாத்திரக்கடை நண்பர். செலவைத் தாமே ஏற்பதாகவும் சொன்னார். நம் ஊர்களின் நூல் வெளியீட்டு விழாக்களை வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. மேடையில் பதினொரு நாற்காலி, வாழ்த்துரைக்கு ஏழு பேர். அவர்களில் நூலைப் படித்தவர் ஒருவர், முன்னுரையைப் படித்தவர் இருவர், அட்டையைப் பார்த்தவர் ஏனையோர். கடைசியில் ஏற்புரைக்கு எழுத்தாளர் எழும்போது மணி ஒன்பதரை, கடைசிப் பேருந்துக்கு ஆட்கள் எழுந்து போய்க்கொண்டிருப்பார்கள். அதைவிட எளிய கொண்டாட்டமும் இப்போது உண்டு. நால்வரின் செய்தியும் எங்கள் வாட்ஸாப் குழுவுக்கு வந்த நாட்களில், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடத்துக்குள் எட்டு வாழ்த்துகள் குவிந்தன. நூல் அப்போது எவர் கைக்கும் வந்திருக்கவில்லை.

ஒன்றைப் படிக்காமலேயே அதற்காக மகிழ முடிகிறது என்றால், நாம் எதற்காக மகிழ்கிறோம்? நண்பருக்கு நல்லது நடந்தது என்பதற்காக. அது நல்ல மகிழ்ச்சிதான், குறை சொல்வதற்கில்லை. வேலை கிடைத்தாலும் வீடு கட்டினாலும் மகளுக்குத் திருமணம் நிச்சயமானாலும் அதே மகிழ்ச்சியைக் கொள்கிறோம். ஆனால் பதினான்கு ஆண்டு ஒருவர் எழுத்தை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், அண்டை வீட்டார் சொல்லக்கூடிய வாழ்த்தையே தாமும் சொல்லிவிட்டு எழுந்து போவது எனக்குப் போதாமையாகப் பட்டது.

அப்போது எனக்குக் கைகொடுத்தது ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் நன்னூல். பாயிரவியலை மாணவர்கள் குறுவினாவுக்கான பகுதியாகவே கருதுவார்கள். நடத்துகிற நாங்களும் பெரும்பாலும் அப்படியே நடத்துகிறோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் அங்கே வகுத்து வைத்திருப்பதோ, ஒரு நூல் வெளிவரும்போது யார் என்ன பேசலாம் என்கிற அவைநெறி. எல்லாம் வல்ல புலவனே ஆனாலும் தன் நூலைத் தானே புகழ்தல் தகாது என்கிறார். அரசவைக்கு ஓலை விடுக்கையில், தன் ஆற்றல் அறியாதார் நடுவில், அவையில் வாதிட்டு வெல்லும் பொழுதில், எதிராளி பழித்துரைக்கும் வேளையில் என நான்கு இடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பின் யார்தான் பாயிரம் உரைப்பது? நூலாசிரியனின் ஆசிரியர், உடன் பயின்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகிய நால்வர். நால்வருக்கும் பொதுவான தகுதி ஒன்று உண்டு. நூலையோ நூல் செய்தவனையோ நெருங்கி அறிந்தவர்கள் அவர்கள். செல்வரும் பதவியிலுள்ளாரும் அந்தப் பட்டியலில் இல்லை.

இந்நால்வரில் உடன் பயின்றவர்க்குத் தமிழில் தனிப் பெருமை உண்டு. நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் தொன்மையான தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒருசாலை மாணாக்கராய் இருந்தவர் என்பது மரபு. அந்தப் பாயிரம் புகழோடு நிற்கவில்லை. நூல் அரங்கேறிய பாண்டியன் அவையையும், அங்கே அதைக் கேட்டுத் தெளிந்த அதங்கோட்டாசானையும் குறித்து வைக்கிறது. அந்த ஆசானைப் பற்றி நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். தொல்காப்பியன் நூலைக் கேளாதே என்கிறார் அகத்தியர். கேட்டருள வேண்டும் என்கிறார் தொல்காப்பியர். இருவருக்கும் நடுவில் அகப்பட்ட ஆசான், கேட்பது, ஆனால் சொல்லுக்குச் சொல் குற்றம் கூறிக்கொண்டே கேட்பது என்று முடிவு செய்கிறார். கூறிய குற்றங்களுக்கெல்லாம் தொல்காப்பியர் விடை சொல்கிறார். கதை நடந்ததோ இல்லையோ, அரங்கேற்றம் என்பதை நம் முன்னோர் எப்படி எண்ணினர் என்பதற்கு அது சான்று. தடை எழும், விடை சொல்ல வேண்டும், அதன் பின்னரே பாயிரம்.

சிறப்புப் பாயிரத்தில் வர வேண்டியவை எட்டு என்கிறது நன்னூல். ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், அரங்கேறிய களம், செய்யப்பட்ட காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உண்டு. பல ஆண்டுகள் இதை நடத்திய பிறகே ஒன்று எனக்கு உறைத்தது. ‘அருமை’, ‘அற்புதம்’, ‘மிகச் சிறந்த படைப்பு’ ஆகியவை இந்தப் பதினொன்றில் எங்குமே இல்லை. இருப்பவை அனைத்தும் செய்திகள். நூலைப் படிக்காதவரால் அவற்றில் பாதியைக்கூடச் சொல்ல முடியாது.

இதை வட்டத்தில் சொன்னேன். நால்வருக்கும் ஆளுக்கொரு பாயிரம். தன் நூலுக்குத் தான் உரைத்தல் கூடாது, வட்டத்தில் மற்றொருவர் உரைக்க வேண்டும். அதன்பின் எவரும் தடை எழுப்பலாம், எழுதியவர் விடை கூறலாம். மாலையும் பொன்னாடையும் வேண்டாம்.

“சார் சிலபஸை இங்கயும் கொண்டுவந்துட்டாரே!” என்று சிரித்தார் பாத்திரக்கடை நண்பர்.

எங்களில் மூத்தவர், எழுபத்தொரு வயதுப் பெரியவர், மூலையில் இருந்தபடி சொன்னார்: “சிலபஸா இருந்தா என்ன தம்பி? படிக்காம வந்து பேச முடியாதுல்ல. அது போதும்.”

இந்தப் பெரியவர் ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்திலிருந்து இவ்வூர் அச்சகங்களில் புரூஃப் திருத்தியவர். எங்கள் ஒவ்வொருவர் கையெழுத்துப் படியும் அவர் பென்சிலைக் கண்டிருக்கிறது. இவ்வாண்டு வந்த மூன்று நூல்களின் முன்னுரையிலும் அவருக்கு நன்றி உண்டு. அவருடைய நாவல் ஒன்று பதினேழு ஆண்டுகளாகக் கையெழுத்துப் படியாகவே இருக்கிறது. இரண்டு முறை சென்னைக்குப் போய்த் திரும்பியது. இந்த ஆண்டின் நான்கில் அவர் இல்லை. கொண்டாட்டம் பற்றிப் பேசிய மாலை முழுவதும் அந்த நினைப்பு எங்கள் எல்லோர் மனத்திலும் இருந்தது. ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

உடன் எழுதத் தொடங்கியவர்களுக்கு வெற்றி ஒரே நாளில் வருவதில்லை. கும்பகோணத்தில் இருந்துகொண்டு இதை எண்ணும்போது கு.ப.ராவையும் அவரைச் சூழ்ந்திருந்த இளைஞர்களையும் நினையாமல் இருக்க இயலாது. தி. ஜானகிராமன், எம்.வி. வெங்கட்ராம், ஆர். நாராயணசாமி ஆகிய மூவரும் ஏறத்தாழ ஒரே வயதினர், ஒரே ஊர்த் தெருக்களில் இலக்கியம் பேசித் திரிந்தவர்கள். கு.ப.ரா. ‘கரிச்சான்’ என்ற புனைபெயரில் எழுதியதைக் கண்டு, நாராயணசாமி தமக்குக் ‘கரிச்சான் குஞ்சு’ என்று பெயர் வைத்துக்கொண்டார். ஒரு மாணாக்கர் தம் ஆசானுக்கு உரைத்த மிகச் சுருக்கமான பாயிரம் அந்தப் பெயர்தான் என்று எனக்குத் தோன்றும். கு.ப.ரா. 1944இல் மறைந்தார். ஜானகிராமனுக்கு 1979இல் சாகித்திய அகாதமி விருது வந்தது. வெங்கட்ராமுக்கு ‘காதுகள்’ நாவலுக்காக அதே விருது வந்தது 1993இல். அதற்குள் ஜானகிராமன் மறைந்து பதினோராண்டு ஆகியிருந்தது. கரிச்சான் குஞ்சு அதற்கு முந்தைய ஆண்டுதான், 1992இல், காலமானார். ‘பசித்த மானிடம்’ எழுதிய அவருக்கு அந்த விருது கிடைக்கவே இல்லை. மூவரில் மிகுந்தவர் பரிசு பெற்றபோது, அந்தப் பரிசின் பொருள் முழுதும் தெரிந்த மற்ற இருவரும் இல்லை. வெங்கட்ராம் ‘என் இலக்கிய நண்பர்கள்’ என்று ஒரு நூல் எழுதினார். பதினாறு வயதில் மணிக்கொடியில் முதற்கதை வெளிவந்தவர், கடைசியில் நண்பர்களுக்குச் செய்துவைத்த பாயிரம் அது.

ஆகவே, உரியவர்கள் உயிரோடு ஒரே அறையில் இருக்கும்போதே கொண்டாடிவிட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வலுப்பட்டது. ஆகஸ்டு மாத இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தோம். காவிரியில் தண்ணீர் வந்திருந்த சமயம். பாத்திரக்கடை நண்பரின் வீட்டிலிருந்து இட்லியும் கும்பகோணம் கடப்பாவும் தூக்குவாளிகளில் வந்திறங்கின.

தபால்காரரின் நாவலுக்கு மொழிபெயர்ப்பாளர் பாயிரம் உரைத்தார். ‘எல்லை’ என்ற இடத்தில் அவர் சொன்னது எனக்கு மறக்காது. “இந்த நாவலின் எல்லை, ஒரு சைக்கிள் காலையில் புறப்பட்டுச் சாயங்காலத்துக்குள் திரும்பி வரக்கூடிய தூரம். அதற்கு வெளியே இருக்கும் சிங்கப்பூர், துபாய், பம்பாய் எல்லாம் அஞ்சல் முத்திரையாக மட்டுமே உள்ளே வருகின்றன” என்றார். அதன்பின் விளக்குப் பட்டறை இளைஞர் தடை எழுப்பினார். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் எத்தனையோ பெண்கள் மணியார்டர் வாங்குகிறார்கள், கைநாட்டு வைக்கிறார்கள், அழுகிறார்கள். ஒருத்தி கூட முழுதாக நான்கு வாக்கியம் பேசவில்லையே, ஏன்?

தபால்காரர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “வாசல்லயே நின்னு குடுத்துட்டு வந்துட்டவன் தம்பி நான். உள்ள போய் அவங்க என்ன பேசிக்கிட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதப் பயமா இருந்தது” என்றார். இது விடையா, தடையை ஒப்புக்கொண்டதா என்று அரைமணி நேரம் வாதம் நடந்தது. அந்த அரைமணியில் நாவல் அவருக்கும் எங்களுக்கும் இன்னும் கொஞ்சம் தெளிவாயிற்று என்பது உண்மை.

மொழிபெயர்ப்பு நூலுக்குப் பாத்திரக்கடை நண்பர் உரைத்தார். மேடையில் பேசிப் பழகாதவர். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என யாப்பு நான்கு என்று நன்னூல் சொல்வதை என்னிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்திருந்தார். “மொழிபெயர்ப்பை ரெண்டாந்தரம்னு சொல்றவங்க இருக்காங்க. எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடியே அதையும் நூல் செய்யற ஒரு வகைன்னு எண்ணி வச்சிருக்காங்க” என்று அவர் தொடங்கியபோது, என் வகுப்பறையில் உயிரில்லாமல் கிடந்த ஒரு நூற்பா எழுந்து நின்றதைப் பார்த்தேன். தடை என்னுடையது. பாலக்காட்டுப் பாட்டிகள் தஞ்சாவூர்த் தமிழ் பேசலாமா என்று கேட்டேன். “அவங்க வீட்டுல பேசுற மாதிரி நம்ம வீட்டுல பேசுறது இதுதானே சார்?” என்றார் அவர். நான் முழுதும் உடன்படவில்லை. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

சிறுகதைக்குத் தபால்காரர். குத்துவிளக்கின் அடிபாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி ஆகியவற்றைத் தனித்தனியே வார்த்து, கடைசல் பிடித்து, மரை போட்டுத் திருகிச் சேர்ப்பார்கள். அந்த மரை கடைகிற ஒரு கிழவரைப் பற்றியது கதை. “பயன்னு ஒன்னு சொல்லணுமாமே. இதைப் படிச்ச மறுநாள் எங்க வீட்டு விளக்கைக் கழத்தி, அந்த மரையைத் தடவிப் பார்த்தேன். நாப்பது வருஷமா வீட்டுல இருக்கற விளக்கு. அன்னைக்குத்தான் பார்த்தேன்” என்றார் தபால்காரர். இளைஞர் தலை நிமிரவில்லை. அவருக்கு அன்று கிடைத்ததைக் காட்டிலும் பெரிய பரிசு இனி எத்தனை கிடைக்கும் என்று தெரியவில்லை.

கடைசியாக ஆசிரியையின் கவிதைத் தொகுதி. பாயிரம் உரைக்கப் பெரியவர் எழுந்தார். நூலில் எட்டுப் பத்து இடங்களில் காகிதத் துண்டு செருகியிருந்தது. பெயரைச் சொன்னார், பொருளைச் சொன்னார், ‘வழி’ என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

“நூல் மூணு வகைன்னு நம்ம சார் அன்னைக்குச் சொன்னார். முதல்நூல், வழிநூல், சார்புநூல். டீச்சரோட 54 கவிதையில ஒன்பது முதல்நூல். மிச்சம் நாப்பத்தஞ்சும் வழிநூல். அவங்க படிச்சு ஆசைப்பட்டவங்களோட குரல்.”

அறை அடங்கிப்போயிற்று. கீழே யாரோ தாம்பாளங்களை அடுக்குவது மட்டும் கேட்டது. கொண்டாட்ட நாளில் இதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று ஒவ்வொரு முகமும் கேட்டது. இந்த ஏற்பாட்டை முன்மொழிந்தவன் என்ற முறையில் எல்லோர் பார்வையும் என்மீது ஒருமுறை பட்டு விலகியது. ஆசிரியை தம் கைப்பையைத் திறந்தார். எழுந்து போகப் போகிறார் என்றே நினைத்தோம். ஒரு பென்சிலை எடுத்தார். தம் நூலைப் பொருளடக்கப் பக்கத்தில் திறந்து மடியில் வைத்துக்கொண்டார்.

“எந்த ஒன்பது, ஐயா?”

பெரியவர் பக்க எண்களைச் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாகக் குறியிட்டுக்கொண்டே போனார். ஏழாவது எண்ணில் பென்சில் நின்றது. “இது எங்கம்மா போனப்ப எழுதினது. இதை எடுத்துடலாம்னு பதிப்பகத்துல சொன்னாங்க. நான்தான் பிடிவாதமா வச்சேன்” என்றார். பெரியவர், “அதை எடுத்திருந்தா நான் இந்த புஸ்தகத்தைப் பத்திப் பேசவே வந்திருக்க மாட்டேன், டீச்சர்” என்றார்.

அந்த இளைஞர் விடுவதாயில்லை. சிற்றிதழ்களின் சினம் படிந்த வயது. “டீச்சர், தப்பா நினைக்காதீங்க. இந்தப் புஸ்தகத்துக்கு நீங்க பணம் குடுத்தீங்கதானே? பணம் குடுத்துப் போட்டதை வெற்றின்னு கொண்டாடலாமா?”

கேட்கக் கூடாத கேள்வி என்று சிலர் அவரை அடக்க முயன்றனர். ‘காரணம்’ பதினொன்றில் ஒன்று, கேட்கலாம் என்றார் ஆசிரியை. ரூ. 38,000 கொடுத்ததாகவும், பேசியபடி 300 பிரதியில் 250 தம் வீட்டுக்கே கட்டுக்கட்டாக வந்துவிட்டதாகவும், அவை கட்டிலுக்கடியில் இருப்பதாகவும் சொன்னார்.

இங்கே நான் இடையில் புகுந்து சிலவற்றைச் சொன்னேன். தமிழில் நூலை அச்சிடுவது எல்லாக் காலத்திலும் பதிப்பாளர் பணத்திலேயே நடந்த காரியம் அல்ல. இதே கும்பகோணத்தில் 1880 முதல் 1903 வரை கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியை 1887இல் வெளியிட முன்பணக் கையொப்பம் திரட்டினார். விடுமுறை தோறும் சென்னைக்குப் போய் புரூஃப் பார்த்தார். ‘எழுத்து’ நடத்திய சி.சு. செல்லப்பா, தம் வெளியீடுகளைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாய் ஏறி இறங்கி விற்றார். எழுத்துக் கவிஞர்கள் 24 பேரின் 63 கவிதைகளைப் ‘புதுக்குரல்கள்’ என 1962இல் அவரே நூலாக்கினார். ‘சுதந்திர தாகம்’ நாவலை 1997இல் தாமே அச்சிட்டார். மறு ஆண்டு மறைந்தார். அந்நாவலுக்குச் சாகித்திய அகாதமி விருது 2001இல் வந்தது. பணம் யாருடையது என்பதை வைத்து நூலின் தரத்தை அளக்க முடியாது.

“அவங்க தானே அச்சிட்டாங்க, தானே சுமந்து வித்தாங்க. இது வேற இல்லையா சார்?” என்றார் இளைஞர். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தன் எழுத்தைத் தானே சுமந்து வாசகர் வீட்டுக் கதவைத் தட்டுவது ஒன்று. அட்டையில் ஒரு பதிப்பகத்தின் பெயரை விலைக்கு வாங்கி, கட்டுகளைக் கட்டிலுக்கடியில் தள்ளுவது மற்றொன்று. முதலதில் வாசகர் உண்டு. இரண்டாவதில் பதினோராம் இடம் வரை பாயிரத்தை நிரப்பிவிடலாம், ‘கேட்போர்’ என்ற ஓரிடம் மட்டும் காலியாக நிற்கும்.

ஆசிரியை சொன்ன விடை எங்கள் இருவர் வாதத்துக்கும் அப்பால் இருந்தது. “மூணு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். ரெண்டு வருஷம் ஆச்சு, நல்லா இல்லைன்னுகூட ஒருத்தரும் எழுதல. இருபத்தெட்டு வருஷமா பசங்க நோட்டைத் திருத்திக்கிட்டு இருக்கேன். என்னோடதை யாராவது ஒருத்தர் எடுத்து, இது சரி, இது தப்புன்னு போடணும்னு தோணுச்சு. புஸ்தகமா இருந்தாத்தான் அப்படிப் படிப்பாங்கன்னு நினைச்சேன்.”

பதினான்கு ஆண்டுகளாக அவர் எங்களிடம் வாசித்த கவிதைகள்தாம் இவை. மாதம் ஒன்றாகக் கேட்டோம், ‘நன்றாயிருக்கிறது டீச்சர்’ என்றோம், அடுத்தவர் கதைக்குப் போனோம். பெரியவர் மட்டுமே ஒவ்வொரு முறையும் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்து நான்கையும் சேர்த்து ஒரே மூச்சில் படிக்க, நூல் என்ற உருவம் வேண்டியிருந்தது. அதற்கு அவர் ரூ. 38,000 கொடுத்தார். அன்றைய கொண்டாட்டத்தில் அந்தத் தொகைக்கு ஈடாக ஏதேனும் கொடுத்தோம் என்றால், அந்த ஒன்பது பக்க எண்கள்தாம்.

வெளியாதல் என்ற சொல்லை இப்போதெல்லாம் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்கிறேன். நண்பர்கள் நம் குரலையும் முகத்தையும் சேர்த்தே நம் எழுத்தைக் கேட்கிறார்கள். வாசிக்கையில் நம் தொண்டை அடைத்தால் வரியில் இல்லாத துயரம் வரிக்கு வந்துவிடுகிறது. அச்சில் அந்தத் துணை இல்லை. ஆகவே ஒரு நூல் வெளிவந்த நாளே, உடன் பயின்றவர்களும் அதை முதன்முறையாக அந்நியரைப் போலப் படிக்கக்கூடிய நாள். அப்படிப் படித்துவிட்டு, அந்நியர் சொல்ல மாட்டாத உரிமையோடு பேசுவது நண்பர்களால் மட்டுமே ஆகும். புகழ்வதற்கு உலகில் எவ்வளவோ பேர் கிடைப்பார்கள். ‘ஒன்பது’ என்று சொல்ல அந்தப் பெரியவர் ஒருவர்தாம் இருந்தார். அவர் எண்ணியது ஐம்பத்து நான்கையும் மும்முறை படித்த பிறகு.

இரவு அவரைப் பேருந்து நிலையம் வரை நடத்திக் கூட்டிப்போனேன். கேட்க வேண்டும் என்றிருந்ததைக் கேட்டேன். இத்தனை பேர் நூலைத் தூக்கிவிட்டுக் கொண்டாடும்போது, உங்கள் நாவல் பற்றி நினைப்பு வரவில்லையா?

“வராம இருக்குமா சார்?” என்றார். சற்று நடந்த பிறகு, “அச்சான புஸ்தகத்துல தப்பு இருந்தா பிழைதிருத்தம்னு ஒரு சீட்டுதான் ஒட்டலாம். என்னோடதை இன்னும் திருத்தலாம். அதைச் சொல்லிச் சொல்லியே பதினேழு வருஷம் ஓட்டிட்டேன்” என்றார். முதல் பாதியில் புரூஃப் திருத்துகிறவரின் பெருமிதம் இருந்தது. இரண்டாம் பாதியில் அது இல்லை. ஆறுதலாக எதையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அவர் ரசித்திருக்கவும் மாட்டார்.

மறுநாள் ஆசிரியையிடமிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. பெரியவர் நாவலின் நகலை அவரிடமிருந்து கேட்டு வாங்கிவிட்டாராம். 420 பக்கம், கையெழுத்து. எண்மரும் மாறி மாறிப் படிப்பது என்றும், மார்கழி மாத வட்டத்தில் அதற்கு அரங்கேற்றம் வைப்பது என்றும் இளைஞரும் அவருமாகத் தீர்மானித்துவிட்டார்கள். அச்சாகாத நூலுக்குப் பாயிரம் உரைப்பதற்கு இலக்கணத்தில் இடம் உண்டா என்று கேட்டார்.

அரங்கேற்றம் என்ற சொல் வழங்கிய காலத்தில் அச்சே கிடையாது என்றேன்.

“அப்ப, சிவப்புப் பென்சில் ஒரு டஜன் வாங்கிடறேன் சார்” என்றார்.